கடலூரிலிருந்து தார் பாலைவனத்துக்கு: ஜெய்சல்மேர் பாலைவன தேசியப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்க முழுமையான வழிகாட்டி

பாலைவனம் என்றதும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் முதலில் எடுத்து வைப்பது தொப்பியும் கூலிங் கிளாஸும். தப்பில்லை. ஆனால் அங்கே கூடாரத்தில் படுப்பவரைப் படுத்தி எடுப்பது வெயில் இல்லை, குளிர். டிசம்பர், ஜனவரியில் ஜெய்சல்மேரில் பகல் 23, 24 டிகிரி இருக்கும். விடியற்காலையில் 7, 8 டிகிரி சாதாரணம். குளிர் அலை வந்தால் இன்னும் இறங்கும். காய்ந்த மணல் சூட்டைப் பிடித்து வைக்காது, வானத்திலும் மேகம் இருக்காது. அதனால் திறந்த மணலில் ஊரைவிடக் குளிர் கூடுதல். மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் கட்டும் நமக்கு இது வேறு உலகம்.

இன்னொன்று, மணல். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாலு விரல் தோண்டினால் ஈரம் வரும். கூடார ஆணியை அது பிடித்துக்கொள்ளும். தார் மணலில் ஒரு முழம் தோண்டினாலும் காய்ந்த பொடிதான். ஆணியை அடித்து இழுத்தால் அப்படியே கையோடு வரும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத் திட்டம் போட்டால் மீதியெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான்.

எங்கே தங்கலாம், எங்கே கூடாது

பாலைவன தேசியப் பூங்கா 1980-ல் அறிவிக்கப்பட்டது. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரவியிருக்கிறது. பெயரில் தேசியப் பூங்கா என்றாலும் சட்டத்தின் கணக்கில் அது சரணாலயம். உள்ளே ஊர்களும் மேய்ச்சலும் உண்டு. மணல் மேடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றது சரளைத் தரையும் புல்வெளியும். படத்தில் பார்த்த மணல் மலைதான் பூங்கா முழுக்க இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

அந்தப் புல்வெளிதான் கானமயிலின் வீடு. ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. மொத்தமே 150-க்கும் குறைவாகத்தான் மிச்சமிருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஜீப் சக்கரம் தடத்தை விட்டு இறங்கினால் அந்த ஒரு முட்டை போயிற்று. ஆகவே பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி உள்ளே போவதற்கே அனுமதி வேண்டும். தீ மூட்டுவதற்கும் அதே சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது.

நடைமுறையில் வழி இரண்டு. ஒன்று, ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள சுதாசரியில் வனத்துறைக் குடில்கள். கானமயிலைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. மற்றது, பூங்காவை ஒட்டிய மணல் மேட்டு ஊர்கள்: மேற்கே 40 கிலோமீட்டரில் சம், தென்மேற்கே 50 கிலோமீட்டருக்குள் குரி. சொந்தக் கூடாரம் அடிக்க விரும்புகிறவர்கள் இங்கேதான், அதுவும் ஒரு உள்ளூர் முகாம்காரர் அல்லது ஒட்டக வழிகாட்டியின் பொறுப்பில், அவர் காட்டும் இடத்தில் அடிக்க வேண்டும். சம்மில் சனி, ஞாயிறு இரவுகளில் ஒலிபெருக்கியும் ஜீப் சத்தமும் ஓயாது. அமைதி வேண்டும் என்றால் குரி.

ஒரு ராத்திரி மணலில், ஒரு ராத்திரி சுதாசரியில் என்று பிரித்துக்கொள்வதே எங்கள் சிபாரிசு. பூங்கா அனுமதியை ஜெய்சல்மேரில் உள்ள துணை வனப் பாதுகாவலர் (வனவிலங்கு) அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஆதார் நகல், வண்டி எண், தேதி, ஆட்களின் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு முந்தைய நாள் காலையிலேயே போய்விடுங்கள். விடுமுறை நாளில் போய் நின்றால் ஒரு நாள் வீண். குடிலுக்கு ஊரில் இருக்கும்போதே போன் செய்து கேட்டு வைப்பது நல்லது.

எப்போது, எப்படிப் போவது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. நட்சத்திரம் பார்க்க ஆசை இருந்தால் அமாவாசையை ஒட்டிய நாட்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் மாகப் பௌர்ணமியை ஒட்டி ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா நடக்கும்போது அறை வாடகை எகிறும், சம்மில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரலுக்குப் பிறகு புழுதிக்காற்று, மே மாதம் 45 டிகிரி. அப்போது கூடாரம் என்ற பேச்சே வேண்டாம்.

ரயிலில் என்றால் மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கு வாராந்திர வண்டி ஒன்று உண்டு. சென்னையிலிருந்தும் ஜோத்பூருக்கு வண்டி இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் இன்னும் ஐந்தாறு மணி நேரம். விமானத்தில் போகிறவர்களுக்கு ஜோத்பூர் ஆண்டு முழுக்க வசதி.

கேஸ் டப்பாவை மட்டும் ரயிலிலோ விமானத்திலோ எடுத்துப் போகாதீர்கள். ரயில்வே சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பது இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி கேஸ் சிலிண்டரால் எரிந்தது நினைவிருக்கும். அடுப்பை மட்டும் எடுத்துப் போய், டப்பாவை அங்கே வாங்குங்கள். டிரோன், சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எதுவும் வேண்டாம். அது பாகிஸ்தான் எல்லை மாவட்டம். மாட்டினால் சுற்றுலா காவல் நிலையத்தில் முடியும்.

கூடாரமும் படுக்கையும்

நம் ஊர்ப் புழுக்கத்துக்காக வாங்கிய கூடாரம் பெரும்பாலும் பாதிக்கு மேல் கொசுவலையாக இருக்கும். தார் மணல் மாவு மாதிரி. காற்றடித்தால் வலை வழியே உள்ளே வந்து பல்லில் நறநறக்கும். உள் கூடாரத்தின் கீழ்ப்பாதியாவது துணியாக இருக்க வேண்டும், வெளி உறை தரை வரை இறங்க வேண்டும். தனியே நிற்கும் குவிமாட வகையே எடுங்கள். கயிற்றின் இழுவையை நம்பி நிற்கும் வகை அந்த மணலுக்கு ஒத்துவராது.

படுக்கையில் காசைச் சேமிக்கக் கூடாத இடம் கீழே விரிப்பது. ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடம்பின் எடையில் நசுங்கிவிடும், அதனால் முதுகுக்குக் கீழே அது குளிரைத் தடுக்காது. வெறும் காற்று மெத்தையும் உதவாது. உள்ளே இருக்கும் காற்று தரையோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். கோரைப்பாயும் போதாது. ஒன்றரை சென்டிமீட்டர் கெட்டி ஃபோம் மேட், அதற்கு மேல் வேண்டுமானால் காற்று மெத்தை. ஸ்லீப்பிங் பேக்கை 0 முதல் 5 டிகிரி வரை 'கம்ஃபர்ட்' என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது தூங்குவதற்கான கணக்கு இல்லை. முகாம்காரரிடம் ஆளுக்கொரு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) வாடகைக்குக் கேட்டு மேலே போர்த்திக்கொள்ளலாம்.

படுக்கும்போது பருத்தி பனியனையும் லுங்கியையும் மாற்றிவிடுங்கள். பகல் வியர்வையை வைத்திருக்கும் பருத்திதான் ராத்திரி நடுக்கத்துக்குப் பாதிக் காரணம். காய்ந்த பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், காலில் கம்பளிச் சாக்ஸ், தலையில் குல்லா. ஊட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு கேலிக்கு ஆளான அதே மங்கி கேப்தான். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். எவர்சில்வர் பாட்டிலில் சூடான தண்ணீரை ஊற்றி மூடி, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். காலையில் அதே தண்ணீரைக் குடித்துவிடலாம்.

ஜெய்சல்மேர் நம்மைவிட வெகு மேற்கே இருப்பதால் ஜனவரியில் ஏழரை மணி வாக்கில்தான் சூரியன் வரும். ஐந்தரைக்கே விழித்துப் பழகியவர்கள் இருட்டில் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அந்த இரண்டு மணி நேரம்தான் இருப்பதிலேயே அதிகக் குளிர். பிளாஸ்க்கில் முந்தைய இரவே சுக்குக் காபி போட்டு வையுங்கள்.

இடம் தேர்வதும் கூடாரத்தைக் கட்டுவதும்

சூரியன் மறைய ஒன்றரை மணி நேரமாவது இருக்கும்போது இடத்துக்குப் போய்ச் சேருங்கள். மணல் மேட்டின் உச்சியில் அடித்தால் காற்று விடாது. பள்ளத்தின் அடியில் அடித்தால் குளிர்ந்த காற்று இறங்கி அங்கேதான் தேங்கும், பனியும் அங்கேதான் கொட்டும். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே, பள்ளத்தின் அடியைவிட ஓரிரு மீட்டர் உயரமான கெட்டித் தரைதான் சரி. மேட்டின் செங்குத்தான, கால் புதையும் பக்கம் சரியும் பக்கம். அதன் அடிவாரமும் வேண்டாம்.

புதர், எருக்கஞ்செடி, மரத்தடி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே 'கேஜ்ரி' என்று சொல்லும் மரம் நம் வன்னிதான், விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம். பார்த்ததும் நிழலுக்கு ஒதுங்கத் தோன்றும். பகலில் ஒதுங்குங்கள், ராத்திரி அதன் வேரடியில் எலி வளைகள் இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குச் சுருட்டை விரியனும் வரும். வளையின் வாயில் புது மண் தள்ளியிருந்தால் ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். பத்து மீட்டராவது தள்ளிப் போங்கள்.

இப்போது ஆணிப் பிரச்சினை. இதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: மஞ்சப் பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பழைய பைகள் பத்து எடுத்து வையுங்கள். நான்கு மில்லிமீட்டர் நைலான் கயிறு 30 மீட்டர், ஒரு சின்ன மண்வாரி.

1. பையில் முக்கால் அளவு மணலை நிரப்பி வாயை இறுகக் கட்டுங்கள். கைப்பிடியில் கயிற்றைக் கட்டாதீர்கள், தையல் விட்டுவிடும். பையின் இடுப்பைச் சுற்றிக் கட்டுங்கள்.

2. கூடார மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கயிறு வரும் திசைக்குக் குறுக்காக, ஒரு முழ ஆழத்துக்குக் குழி. பை அதில் படுக்கைவசமாகக் கிடக்க வேண்டும்.

3. கூடாரத்தின் பக்கம் கயிறு சாய்வாக ஏறி வர ஒரு ஒடுக்கமான வாய்க்கால் கீறுங்கள். இதை விட்டுவிட்டால் கயிறு நேராக மேலே இழுத்து, பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிவிடும். பெரும்பாலான கூடாரங்கள் நள்ளிரவில் தளர்ந்து படபடப்பதற்கு இதுதான் காரணம்.

4. மணலை மூடி, இரண்டு காலாலும் நன்றாக மிதியுங்கள். அரை மணி நேரம் கழித்து எல்லாக் கயிற்றையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.

தாங்குவது பையின் எடை இல்லை, அதன்மேல் கிடக்கும் மணல். அதனால் பை பெரிதாக இருப்பதைவிடக் குழி ஆழமாக இருப்பதுதான் முக்கியம். நாலு மூலைக்கு நாலு, நடுக்கயிறுகளுக்கு நாலு, உபரி இரண்டு. தண்ணீர் ஊற்றி மணலைக் கெட்டிப்படுத்தப் பார்க்காதீர்கள். மேலே உலர்ந்ததும் பழையபடி ஆகிவிடும், தண்ணீரும் போயிருக்கும்.

குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். கையில் கொஞ்சம் மணல் எடுத்துத் தூவிப் பார்த்து, வாசலை எதிர்ப்பக்கம் வையுங்கள். மேலே உள்ள காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து அடைத்தால் மூச்சின் ஈரம் கூரையில் கோர்த்து விடியும்போது முகத்தில் சொட்டும். ஜிப் மணலில் மாட்டினால் காய்ந்த பழைய டூத் பிரஷால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் மணல் அப்பிக்கொண்டு ஜிப்பே போய்விடும்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு காலை நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் அலை தொடாத காய்ந்த மேல் மணலில் இதை ஒருமுறை செய்து பாருங்கள். கட்டிய பிறகு கயிற்றைப் பிடித்து ஒரு ஆள் முழு பலத்தோடு பின்னால் சாய வேண்டும். பை அசையக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

குளிர்காலம்தானே என்று தண்ணீரைக் குறைப்பது வழக்கமான தப்பு. நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே தோலில் வந்த உடனே காய்ந்துவிடும், தாகமும் தெரியாது. மதியத்துக்குள் சிறுநீர் எலுமிச்சை நிறத்தைத் தாண்டிக் கருத்தால் குடிப்பது போதவில்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 4 லிட்டர், சமைக்க ஒன்றரை, கைகால் பாத்திரத்துக்கு ஒன்றரை: மொத்தம் 7. நான்கு பேர், மூன்று பகல் என்றால் 84 லிட்டர். ஐந்து 20 லிட்டர் கேன் எடுத்தால் 16 லிட்டர் கையிருப்பு. ஊரில் தண்ணீர் போடும் அந்தக் கேனின் மூடி ஜீப்பில் படுக்க வைத்தால் கசியும். நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டுங்கள். ஒரு பங்கையாவது 5 லிட்டர் திருகு மூடி ஜாடிகளில் பிரித்து வையுங்கள். கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வீட்டு வாசலில் மழைநீர் சேமித்திருக்கும் தொட்டி அந்தக் குடும்பத்தின் ஆண்டு இருப்பு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதனாலேயே கேட்காதீர்கள்.

சாப்பாடு

இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது, சோறு வடிக்கத் தண்ணீர் அதிகம். அவலும் ரவையும் நம் துணை. நான்கு பேருக்கு 400 கிராம் ரவை ஒரு லிட்டர் தண்ணீரில் உப்புமா. ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கலந்து டப்பாவில் அடைத்துவிட்டால் அங்கே கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவதுதான் வேலை. காலையில் 400 கிராம் அவலைத் தெளித்துப் பிசறி, புளிக்காய்ச்சலோடு கிளறினால் அடுப்பே வேண்டாம். கருவாட்டுத் தொக்கை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்த வாசனைக்கு நாயும் நரியும் கூடாரத்தைச் சுற்றும்.

பியூட்டேன் டப்பா 5 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், ஏனென்றால் அந்த வாயு 0 டிகிரிக்கு அருகில்தான் கொதித்து ஆவியாகும். தீ நீலமாகச் சிறுத்துப்போனால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். ராத்திரி அதைப் போர்வைக்குள் வைத்திருந்து காலையில் எடுங்கள். கூடாரத்துக்குள் அடுப்போ கரியடுப்போ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பாத்திரத்தைக் காய்ந்த மணல் போட்டுத் தேய்த்து, துடைத்து, கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அலசினால் போதும். காலைக்கடனுக்கு நூறு அடியாவது தள்ளி ஒரு சாண் ஆழக் குழி. காகிதம், நாப்கின் எதுவும் அந்த வறட்சியில் மட்காது, காற்று தோண்டி எடுத்துவிடும். பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

உடம்பும் விஷக்கடியும்

முதல் நாளே உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். மூக்குத் துவாரத்தின் உள் ஓரத்தில் படுக்கப் போகும்முன் வாஸ்லின் தடவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

குளிர்காலத்தில் பாம்பு நடமாட்டம் குறைவு, இல்லாமல் இல்லை. சுருட்டை விரியன் செதிலோடு செதிலை உரசிச் சரசரவென்று சத்தம் போடும். கேட்ட இடத்தில் அப்படியே நின்று, டார்ச் அடித்துப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். இருட்டில் வெறும் காலோடு வெளியே போகக் கூடாது, ஷூவைக் கூடாரத்துக்குள் வைத்து, போடும்முன் உதற வேண்டும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் தேள் பச்சையாக ஒளிரும். படுக்கும்முன் சுற்றிலும் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலைக் கட்டை வைத்து அசையாமல் கட்டி, 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் இருக்கும் ஜீப்பிலேயே ஜெய்சல்மேர் மாவட்ட மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். இந்திய விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போனது. அங்கத்திய சுருட்டை விரியனின் விஷம் நம் ஊர் இனத்திலிருந்து மாறுபடுவதால் இந்த மருந்து அங்கே அவ்வளவு நன்றாகக் கேட்பதில்லை என்று மேற்கு ராஜஸ்தான் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மருந்து இருக்கிறதே என்று நிதானமாகப் போகக் கூடாது. சம்மைத் தாண்டினால் சிக்னல் விட்டு விட்டு வரும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று வழிகாட்டியிடம் வந்த உடனே கேட்டுவிடுங்கள்.

பூங்காவுக்குள்

வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். அதற்கு மேல் கானல் கிளம்பி, தூரத்துப் பறவை பைனாகுலரில் நெளியும். 8×42 பைனாகுலர் போதும். ஜீப் தடத்தை விட்டு இறங்கக் கூடாது, நீங்களும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. டிரைவர் 'இன்னும் கிட்டப் போகலாம் சார்' என்று ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கானமயில் கழுத்தை நிமிர்த்தி நடப்பதை நிறுத்திவிட்டால் அதுதான் எல்லை. படம் போடும்போது இருப்பிடக் குறியீட்டை எடுத்துவிட்டுப் போடுங்கள். சிங்காரா மான், பாலைவன நரி, பிணந்தின்னிக் கழுகுகளும் பார்க்கக் கிடைக்கும். திரும்பும் வழியில், ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் ஆகல் மரப் புதைபடிவப் பூங்கா. 18 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். திருவக்கரை கல்மரங்களைப் பார்த்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் தார்ச் சாலையை விட்டு மணல் தடத்தில் இறங்கும்முன் டயர் காற்றை 32 பிஎஸ்ஐ-யிலிருந்து 20-க்குக் குறையுங்கள். சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.

கிளம்பும்போது

மஞ்சப் பைகளைக் கயிற்றைப் பிடித்து இழுக்காமல் தோண்டி எடுங்கள், பத்தும் வந்ததா என்று எண்ணுங்கள். மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். கூடாரக் கம்பிகளின் இணைப்புக்குள் மணல் இருந்தால் மடக்கும்போது அலுமினியம் தேயும். ஒவ்வொன்றையும் தட்டி, துணியால் துடைத்துவிட்டு மடியுங்கள். ஊருக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் முழுக்க உலர்த்திய பிறகே பையில் போட வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் லேசான ஈரத்தோடு மடித்து வைத்த கூடாரத்தில் ஒரு மாதத்துக்குள் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகப் பூத்துவிடும், அந்தக் கறை எதற்கும் போகாது.